ரெண்டு டிரஸ் போதும்

படப்பிடிப்பு நடக்கிற வீடுகளில் அவளைப் பதிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகக் கூப்பிடுகிறவர்கள் பாதி, முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறவர்கள் மீதி. தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு நடிகை பாதியில் விலகிவிட்டால், மறுநாள் காட்சிக்கு நடுவில் படம் அப்படியே நிற்கும். கீழே ஒரு வரி வரும்: "இனி இவருக்குப் பதில் இவர்." அந்த இரண்டாவது இவர்தான் அவள். பதினோரு வருஷத் தொழிலில் ஒரு தொடரில்கூட முதல் நாளிலிருந்து அவள் இருந்ததில்லை.

பார்க்கப்போனால் அவள் தலையெழுத்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துத் தொடர் ஓட்டத்தில் நாலு பேர் ஓடுவார்கள். இவள் ஐந்தாவது ஆள். யாருக்காவது கால் சுளுக்காதா என்று காத்துக்கொண்டு ஓரமாக நின்றவள். வேலைக்குச் சேர்ந்ததும் லீவு வேகன்சியில்தான். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பில் போடுகிற பெண் பிரசவத்துக்குப் போக, அந்த நாற்காலியில் இவள் உட்கார்ந்தாள். அதே ஸ்டூடியோவை ஒருநாள் தொடர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். வர வேண்டிய நடிகை வரவில்லை. டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அந்தம்மா உயரம் சரியா இருக்கு, அவங்களை நிக்க வைங்க" என்றார். நின்றாள். "டாக்டரைக் கூப்பிடுங்க" என்று ஒரே ஒரு வசனம். அதை அவள் சொன்ன வேகத்தில் கூட்டத்தில் ஒருவர் நிஜமாகவே போனை எடுத்துவிட்டாராம். இது அவளே சொல்வது, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

நடிக்கத் தெரியும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் வேறு. பல வருஷம் ஒருநாள் வேஷங்களிலேயே கழிந்தது. அப்புறம் நிலையான வேஷமென்று அவள் போய்ச் சேர்ந்த முதல் தொடர் பதினோரு வாரத்தில் நின்றது. இரண்டாவது ஆறு வாரத்தில். மூன்றாவது பத்தொன்பதே எபிசோடில். ஓடு மாற்ற ஆள் கூப்பிடுகிற வீடு ஏற்கெனவே ஒழுகுகிற வீடுதானே, ஓடு மாற்ற வந்தவனா மழையைக் கொண்டுவந்தான்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் இந்தத் தொழிலில் பனம்பழத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், காக்கையைப் பற்றித்தான் பேசுவார்கள். "அந்தம்மா வந்தாச்சா? அப்ப சுபம் போட்டுட வேண்டியதுதான்" என்று ஒரு லைட்மேன் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு அப்போது ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தொடரில் வேஷம் கொஞ்சம் மெலிவதுபோல் தெரிய, மனசு கேட்காமல் அந்த டைரக்டரிடம் போய், "சார், என் கேரக்டர் தொடர்ந்து வருதுல்ல?" என்று கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க" என்றார். அடுத்த வாரம் அந்தப் பாத்திரம் மாடிப்படியில் உருண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அன்றிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தனியாக அவளுக்கு மட்டும் உள்ள மூட நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம், தொடரில் நடிக்கிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். என் வேஷம் இருக்குமா என்று கேட்பது, இல்லாத யோசனையை எடுத்துக் கொடுப்பது மாதிரி.

கேட்க முடியாது என்றால் அடையாளம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாகப்போகிற பாத்திரத்துக்கு முதலில் இருமல் வரும். ஊரைவிட்டுப் போகப்போகிற பாத்திரத்துக்கு அடிக்கடி போன் வரும். மேனேஜர் சிரித்துப் பேசினால் ஆபத்து. டீயோடு பிஸ்கெட்டும் அனுப்பினால் ரொம்ப ஆபத்து. எல்லாவற்றையும்விட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. அவளைப் போன்ற நடுத்தர வேஷக்காரர்கள் உடுப்பைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமைதோறும் மேனேஜர் போன் பண்ணி, அடுத்த தடவைக்கு எத்தனை டிரஸ் என்று சொல்வார். ஒரு டிரஸ் என்றால் கதையில் ஒரு நாள். பத்து டிரஸ் என்றால் கதைக்குள் இன்னும் பத்து நாள் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். சனிக்கிழமை போன் வருகிறவரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

நாலாவதாக அவள் போய்ச் சேர்ந்தது 'மூன்றாம் மாடி' என்ற தொடருக்கு. அறுபத்தோராவது எபிசோடில், வழக்கம்போல ஒருவருக்குப் பதில். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், செத்துப்போன அக்காவின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற சின்னம்மா வேஷம். அந்தத் தொடரில் யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. முறைத்துக்கொண்டே மூன்று தடவை திரும்பவில்லை. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று சண்டை நடக்கும். சின்னவன் கணக்கில் தோற்றுவிட்டு மொட்டை மாடியில் ஒளிந்துகொள்வான். சின்னம்மா ஒரு எபிசோடு முழுக்க ஒரே ஒரு சட்டைப் பொத்தானைத் தேடுவாள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பார்த்தவர்கள் விடாமல் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி.

அதை எழுதியவர் ஒரு ஒல்லியான மனிதர், எல்லாருக்கும் ரைட்டர். படப்பிடிப்புக்கு வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் நடிப்பதைப் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அவளுக்கோ பாராட்டாதவர்களைக் கண்டாலே சந்தேகம். "அந்த ரைட்டர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லைண்ணே" என்று மேக்கப் அண்ணனிடம் புலம்புவாள். மேக்கப் அண்ணன் அவளைவிட நாலு வயது இளையவர், இருந்தாலும் அந்த யூனிட்டில் எல்லாருக்கும் அவர் அண்ணன். "அவருக்குக் கண்ணு சரியில்லைக்கா, அதான் உத்துப் பாக்குறாரு" என்பார்.

இருநூறு எபிசோடு ஓடிவிட்டது. அவள் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல். வேறு யாராவதாக இருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். இவளுக்கு ஒவ்வொரு வாரமும் பயம் கூடிக்கொண்டுதான் போனது. உயரம் ஏற ஏறத்தானே கீழே பார்க்கப் பயம் வரும்.

அந்த நேரத்தில்தான் கதையில் ஒரு முடிச்சு விழுந்தது. பிள்ளைகளில் பெரியவள் ஒருநாள் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நடுங்கியபடி வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று ரைட்டர் முப்பது எபிசோடாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கதை வெளியே கசிந்துவிட்டதால் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று சபதம். கடைசியாக எடுத்த காட்சியில் பிள்ளைகள் இரண்டும் மேஜையில் படித்துக்கொண்டிருக்கின்றன. அழைப்பு மணி அடிக்கிறது. பெரியவள் முகம் வெளுக்கிறது. சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவில் கை வைக்கிறாள். அதோடு கட். வெளியே யார் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை போன் வந்தது.

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

எட்டு மாதத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆச்சு. எத்தனை டிரஸ்?"

"ரெண்டு போதும்க்கா."

"ரெண்டா?"

"ரெண்டேதான். பழசா இருந்தாலும் பரவாயில்லை. தேதி ரைட்டர் சொன்னதும் சொல்றேன்."

போனை வைத்தாள். பத்து இல்லை, எட்டு இல்லை, ரெண்டு. அதுவும் பழசு போதுமாம். அவளுக்குக் கணக்குத் தெளிவாகவே புரிந்தது. ஒன்று சாவதற்கு. இன்னொன்று சுவரில் மாட்டுகிற படத்துக்கு. கதவுக்கு வெளியே நிற்பவன் எவனோ, கதவைத் திறந்ததும் ஆள் காலி.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் அவசரமில்லாமல் பேசுகிறவர். சாயங்காலம் வந்து, அவள் முகத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்:

"கேட்டுடேன். ஒரு போன்தானே."

"கேட்டா போச்சு. உங்களுக்குத் தெரியாது."

"லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கிறவங்க என்ன பண்ணணும்? பட்டனை அமுக்கி, என்ன ஆச்சுன்னு கேட்கணும். கேட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை. கதவை நெம்பிக் குதிக்கிறாங்க பாரு, அவங்களைத்தான் நாங்க தூக்கிட்டுப் போவோம்."

"உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்தான்."

"உனக்கு எல்லாமே சாவுதான். சாப்பாடு எடுத்து வை."

ஞாயிற்றுக்கிழமை மேக்கப் அண்ணன் வேறு போன் பண்ணினார். வியாழக்கிழமை சேனலில் கூட்டமாம். தொடரை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்று அன்றைக்கு முடிவாம். "நம்மளைத் தூக்க மாட்டாங்கக்கா, ரைட்டர் ஏதோ பெரிசா வெச்சிருக்காரு" என்றார். அவளுக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தொடர் நின்றால் நாலாவது தடவை. தொடர் நிற்காவிட்டால் அவள் மட்டும் சாகிறாள். எப்படிப் பார்த்தாலும் சுவரில் படம்தான். நாலாவது தடவை ஆகிவிட்டால் பிறகு எந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவள் பையில் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. பத்து நாளுக்கு முன்னால் இன்னொரு கம்பெனி கொடுத்தது. புதிதாக ஆரம்பிக்கிற தொடர், பணக்கார மாமியார் வேஷம், முதல் எபிசோடிலிருந்து. யாருக்கும் பதில் இல்லை. ஒரே நிபந்தனை, உடனே வர வேண்டும், வேறு தொடரில் இருக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தாள். மூன்றாம் மாடியை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. அந்தச் சின்னம்மாவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடைவேளையில் தலைவாரி விடுகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை கணவர் வேலைக்குப் போகிறவரைக்கும் காத்திருந்தாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். மேனேஜருக்குப் போன் பண்ணி, தாளைப் பார்த்துப் படித்தாள். தனக்கு வேறு வாய்ப்பு வந்திருக்கிறது, இனி வர முடியாது, மன்னிக்க வேண்டும். மேனேஜர் பதறினார்.

"அக்கா, இருங்க. ரைட்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ரைட்டரிடமிருந்து ஏழு தடவை போன் வந்தது. போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். எடுத்தால் என்ன சொல்வார்? திட்டுவார். அல்லது, அதைவிட மோசமாக, "பரவாயில்லைங்க, எப்படியும் உங்களை முடிக்கிறதாத்தான் இருந்தோம்" என்பார். இரண்டையும் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. எட்டாவது தடவை மணி அடிக்கவில்லை.

மூன்றாம் மாடி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு நின்றது. சுபம் போடவில்லை. போட முடியாது, எதுவும் முடியவில்லையே. சின்னம்மா கதவில் கை வைத்தாள், படம் அப்படியே நின்றது, பெயர்கள் ஓடின. திங்கட்கிழமை அதே நேரத்தில் ஒரு சமையல் போட்டி வந்தது.

பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். சேனலுக்குக் கடிதம் எழுதினார்கள், போன் பண்ணினார்கள், கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஒரு குடியிருப்பின் லிஃப்டில் 'மூன்றாம் மாடியைத் திருப்பிக் கொடு' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்காமல் போகிறது, அதற்கான புகார் என்று நினைத்து அவள் கணவர் கருவிப்பெட்டியைத் திறந்தே விட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காய்கறிக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளை நிறுத்திக் கேட்டார்கள். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டாங்க? வாசல்ல நின்னது யாரு?" தெரியாது என்றாள். அது உண்மை. உள்ளுக்குள்ளே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு ஒரு நிம்மதி. தொடர் எப்படியும் நிற்கத்தான் இருந்தது, நல்லவேளை, முன்னாலேயே இறங்கிவிட்டோம்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தொழிலில் பேச்சு அப்படியே திரும்பிவிட்டது. "பதிலக்கா இருந்தவரைக்கும் ஓடிச்சு, போனாங்க, படுத்துடுச்சு" என்றார்கள். மூன்று தொடர்களைச் சாப்பிட்டவள் ஒரே வாரத்தில் ராசிக்காரி ஆகிவிட்டாள். புதுக் கம்பெனி முதலாளி முதல் நாள் விளக்குப் போடும் சுவிட்சை அவள் கையாலேயே போடச் சொன்னார். போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் சுவிட்சைப் போட்ட விரல் ஜில்லென்று இருந்தது.

புது வேஷத்தில் வாரத்துக்குப் பன்னிரண்டு டிரஸ். எல்லாம் கம்பெனியே கொடுத்தது. வேலை என்னவென்றால் படிக்கட்டின் மேல்படியில் நின்று, "விட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சில நாள் "விடவே மாட்டேன்." மூன்று கேமரா மூன்று பக்கமிருந்து எடுக்கும். ஒரு மாதத்தில் அவள் ஒரு பொத்தானைக்கூடத் தேடவில்லை. சம்பளத்துக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. இருந்தும் சனிக்கிழமை வந்தால் சோறு இறங்காத பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது எதற்காகப் பயப்படுகிறோம் என்றுதான் அவளுக்கே பிடிபடவில்லை.

இரண்டாவது மாதம், கணவருக்குக் கண்ணில் ஏதோ தூசி விழுந்து உறுத்துகிறது என்று கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். காலை பத்து மணிக்கே கூட்டம் நெரிந்தது. கணவர் உள்ளே போய்விட, இவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே சொட்டு மருந்து விட்டவர்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருந்தவரைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். ரைட்டர்.

கண்களை மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். கன்னத்தில் மருந்து வழிந்திருந்தது. எழுந்து போயிருக்கலாம், அவருக்குத் தெரிந்தே இருக்காது. எழுந்தும்விட்டாள். இரண்டடி வைத்தவள், அந்த மூடிய கண்களைப் பார்த்தாள். உற்றுப் பார்க்காத ரைட்டரிடம் பேசிவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சார், நல்லாயிருக்கீங்களா?"

அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"சின்னம்மாவா? குரல் தெரியுதே. புதுத் தொடர் எப்படிப் போகுதும்மா?"

"போகுது சார்." பிறகு, "நீங்க போன் பண்ணீங்க, நான் எடுக்கலை. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"அட, அதுக்கென்ன. முதல் நாள்லேர்ந்து வேஷம்னு மேனேஜர் சொன்னாரு. எல்லாருக்கும் கிடைக்கிறதா அது? நானும் ரெண்டு மூணு நாள் வருத்தப்பட்டேன். அப்புறம், போகட்டும், நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது அவளைக் குடைந்தது. தன் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

"எப்படியும் என்னை முடிக்கிறதாத்தானே இருந்தீங்க சார்? ரெண்டு டிரஸ் போதும்னு மேனேஜர் சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு. சாகப்போறேன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் இருக்கிறது?"

ரைட்டர் மருந்தையும் மறந்து கண்களைத் திறந்துவிட்டார். சிவந்து, நீர் தளும்பி, எதையும் சரியாகப் பார்க்க முடியாத கண்கள்.

"சாகிறதா? யாரு சொன்னது?"

"ரெண்டு டிரஸ்னா..."

"ஒண்ணு கைதாகிற அன்னைக்கு. இன்னொண்ணு கோர்ட்டுக்கு. மீதி நாளெல்லாம் ஜெயில் யூனிபார்ம், அது கம்பெனி தைக்குது. ஜெயில்ல என்ன, தினம் ஒரு டிரஸ்ஸா மாத்துவாங்க?"

"ஜெயிலா?" என்றாள்.

அவர் மறுபடி கண்களை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்கிறவர்போல மெதுவாகச் சொன்னார். வாசலில் நின்றது போலீஸ். பெரியவள் ஸ்கூட்டியில் ஒருவரை இடித்துவிட்டு ஓடி வந்திருந்தாள். சின்னம்மா கதவைத் திறந்து, ஓட்டினது நான்தான் என்பாள். அங்கேயிருந்து நூறு எபிசோடு, சின்னம்மாவைச் சுற்றியே. ஜெயிலுக்கு உள்ளே அவள், வெளியே அந்த இரண்டு பிள்ளைகள்.

"அந்த வியாழக்கிழமை கூட்டத்துல இதைத்தான் சொன்னேன். கேட்டுட்டு நூறு எபிசோடுக்குச் சரின்னுட்டாங்க. நீங்க வர்றதில்லைன்னு சொன்னேன். அதனால என்ன, வேற ஆளைப் போடு, இவருக்குப் பதில் இவர்னு கீழே ஒரு கார்டு போட்டா போச்சுன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன் சார்?"

"அந்தம்மாவை நீங்கதானே பண்ணுனீங்க. இன்னொருத்தரை நிக்க வெச்சு எனக்கு எழுத வராது. வராததை வரும்னு சொல்லி ஏமாத்த முடியுமா?" கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேம்மா. உங்ககிட்ட சொல்லியிருப்பேனே."

பதினோரு வருஷம் அவளை எந்த இடத்திலும் வைக்கலாம், எடுக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். ஒரே ஒரு மனிதர் அப்படி நினைக்கவில்லை. அவருடைய போனைத்தான் அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மேக்கப் அண்ணன் இரண்டு மாதமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. வாசலில் நின்றது யார் என்று கேட்டவர்களின் முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன. அவ்வளவு பேர் வீட்டிலும் அந்தத் தொடரை நிறுத்தியவள் தான்தான், சேனல் இல்லை.

வாழ்நாளில் கேட்க மாட்டேன் என்று வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டாள்.

"சார், அவ கடைசியில என்ன ஆவா? வெளியே வருவாளா?"

"தெரியாதும்மா."

"சொல்லுங்க சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நிஜமாவே தெரியாது. எழுதலை. முதல் பத்து எபிசோடு நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு விட்டு வெச்சிருந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்தாத்தான் எனக்கு அடுத்தது வரும்."

நர்ஸ் அவர் எண்ணைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். இவள் கையைப் பிடிக்கப் போனாள். "பார்த்துக்கறேம்மா, பழக்கம்தான்" என்றபடி உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

எதிர் பெஞ்சில் ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார் என்பது முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. எழுந்து வந்து, ரைட்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க, காதுல விழுந்துச்சு. நீங்க மூன்றாம் மாடிச் சின்னம்மாதானே?"

"ஆமாங்க."

"ஒருநாள் விடாம பார்த்தேன். ஜெயிலுக்கா போறதா இருந்தீங்க?"

"ஆமாங்க."

அந்த அம்மா இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தார். கோபமில்லை, குறையில்லை, நிஜமாகவே கவலைதான்.

"அப்ப அந்த ரெண்டு பிள்ளைங்களை யாரும்மா பார்த்துக்கிறதா இருந்தது? யாருமில்லாத பிள்ளைங்களாச்சே."

அதை ரைட்டரிடம் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கதை என்ன ஆகும் என்றுதான் கேட்டிருந்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "அதுக்குள்ள நான் அவங்களை விட்டுட்டுப் போயிட்டேன்."